கையெழுத்தும் கடைமடையும்



ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு விலை உண்டு என்ற பொருளில் பேசவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளாதாரம் படித்தவர்கள் இதற்குக் கோட்பாடு சொல்வார்கள். நான் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாழ்நாளின் பெரும்பகுதி மதகும் ஷட்டரும் கால்வாய்க் கரையுமாகப் போயிற்று. எனக்குத் தெரிந்த முடிவெல்லாம் ஒரே மாதிரியானவை: இருக்கிற தண்ணீரை எந்தப் பக்கம் திருப்புவது? ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கம் காயும். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன ஷட்டரிலிருந்து தொடங்கி, அதைவிடப் பெரிய ஒன்றுக்குப் போகிறேன்.

நான் பிரிவு அலுவலராகச் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பெரியாறு பிரதானக் கால்வாயில், கள்ளந்திரிக்குக் கீழே, மேலூர்ப் பக்கம் வேலை. அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. செப்டம்பரில் திறக்கவேண்டிய தண்ணீரைத் தாமதமாகத் திறந்து, முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தோம். தை பிறப்பதற்குச் சில நாள் முன்பு மேலேயிருந்து உத்தரவு வந்தது: பத்து நாளில் கால்வாயை அடைக்கவேண்டும். என் பிரிவின் கடைசியில் இரண்டு கண்மாய்கள் மிச்சம் இருந்தன. இரண்டுக்கும் ஒரே கிளைக் கால்வாய். பத்து நாள் தண்ணீர் ஒரு கண்மாயை நிரப்பும், இரண்டுக்கும் பகிர்ந்தால் இரண்டுமே பாதியில் நிற்கும், எந்தப் பயிரும் கரைசேராது.

ஒரு கண்மாயின் பயிர் பொதிகட்டி, கதிர் தள்ளும் நேரம். மற்றக் கண்மாயின் பயிர் நட்டு முப்பது நாள். அப்போதுதான் தூர் கட்டிக்கொண்டிருந்தது. வேளாண்மை தெரிந்த யாரைக் கேட்டாலும் பொதிப்பயிருக்குத்தான் விடச் சொல்வார்கள். நானும் அதையே செய்தேன். இரவு பதினொரு மணிக்கு நானும் ஷட்டரைக் கவனிக்கும் லஸ்கரும் போய் இரண்டாவது கண்மாய்க்குப் போகும் ஷட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டோம். பகலில் செய்தால் தகராறு வரும் என்று இரவைத் தேர்ந்தெடுத்தேன். அதை இன்றும் மறக்கமுடியவில்லை.

பொதிப்பயிர் பிழைத்தது. இளம்பயிர் கருகியது. மாசியில் அந்த இரண்டாவது ஊருக்குப் போனபோது யாரும் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. ஊர் நீர்பாய்ச்சி, வயது எழுபதுக்கு மேல் இருக்கும், கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, பிறகு சொன்னார்: “அவுகளுக்குத் தண்ணி விட்டது தப்புன்னு நான் சொல்லலை சார். பொதிப்பயிரைக் காயவிடக் கூடாதுல்ல. எங்களுக்கு இந்தத் தடவை இல்லைன்னு கார்த்திகையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா நாங்க நடவே போட்டிருக்க மாட்டோம்ல. விதைநெல்லு மிஞ்சியிருக்கும், கடன் வாங்கியிருக்க மாட்டோம்.”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நட்ட அன்றைக்கே அணையின் நீர்மட்டம் எனக்குத் தெரியும். தண்ணீர் இருவருக்கும் காணாது என்பதும் ஓரளவு தெரியும். மழை வந்துவிடும் என்று நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் முடிவு சரி. அந்த முடிவின் விலையை யார் கொடுக்கப்போகிறார்கள் என்பதை அவர்களுக்கே சொல்லாமல் மறைத்தது சரியில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். அந்த ஆண்டுக் கடனை அடைக்க அந்த ஊரிலிருந்து இளவட்டங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். இரண்டு வருஷத்தில் அடைத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் போனார்கள். போனவர்கள் அங்கேயே குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள். நீர்பாய்ச்சி இறந்தபோது அந்த வேலைக்கு வர அவர் வீட்டில் யாரும் இல்லை. வரத்துக்கால் தூர்ந்தது. நான்காவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ நல்ல மழை. அணை நிறைந்து கால்வாயில் முழு அளவு தண்ணீர் வந்தது. அந்தக் கண்மாயின் மடையைத் திறந்து, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று பார்த்துப் பாய்ச்ச ஊரில் ஆள் இல்லை. ஒரு போகத்துக்காக நான் இறக்கிய ஷட்டர், வேறெதையோ சேர்த்து இறக்கிவிட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தக் கால்வாயில் ஓடிய தண்ணீர் பெரியாற்றுத் தண்ணீர். இனி பெரியாற்றின் கதைக்கு வருகிறேன். முல்லைப் பெரியாறு அணை என்றால் நம் ஊரில் குரல் உயர்ந்துவிடும்; மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்திலும் உயரும். குரல் உயர்த்தாமல், ஒரு முடிவின் வரலாறாக மட்டும் அதைப் பார்க்க முயல்கிறேன்.

மேற்கு மலையில் பிறந்து மேற்கே போய் அரபிக்கடலில் சேரும் ஆறு பெரியாறு. மலையின் கிழக்கே மழை மறைவுப் பகுதி. வைகை வருஷத்தில் பாதி நாள் மணல். மலையைத் தாண்டி அந்தத் தண்ணீரைக் கிழக்கே கொண்டுவரலாம் என்ற எண்ணம் வெள்ளைக்காரர்களுக்கு முன்பே இராமநாதபுரத்தில் பிறந்தது. சேதுபதி சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-ஐ ஒட்டி ஆட்களை மலைக்கு அனுப்பி இடம் பார்க்கச் செய்தார். பணம் இல்லாமல் நின்றுபோயிற்று. 1808-இல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் பார்த்துவிட்டு இது நடக்காத காரியம் என்று எழுதிவைத்தார். 1860-களில் ரைவ்ஸ் என்பவர் மறுபடி அளந்து 1867-இல் திட்டம் கொடுத்தார். கோப்பு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது.

அந்தக் கோப்பு நின்றிருந்த காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் மட்டும் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். மதுரை, இராமநாதபுரச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கால்நடையாகக் கிளம்பியவர்கள் எத்தனையோ பேர். முடிவெடுத்தால் விலை உண்டு என்று பேசுகிறோம். முடிவெடுக்காமல் கோப்பைக் கட்டி வைத்தவர்களும் ஒரு முடிவைத்தான் எடுத்தார்கள். அதன் விலை அந்த எலும்புக்கூடுகள். இதைச் சொல்லாமல் அணையின் குறைகளைப் பேசுவது நியாயமாகாது. அதனால்தான் முதலில் சொன்னேன்.

பஞ்சத்துக்குப் பிறகு வேகம் வந்தது. 1882-இல் பென்னிகுயிக்கும் ஸ்மித்தும் திட்டத்தைத் திருத்தி எழுதப் பணிக்கப்பட்டார்கள். 1887-இல் வேலை தொடங்கியது. யானையும் காட்டெருமையும் திரிந்த அடர்காடு. மழைக்காலத்தில் வெள்ளம் வந்து தற்காலிகக் கரைகளை அடித்துக்கொண்டு போனது. காய்ச்சல் காலத்தில் வேலையை நிறுத்தி முகாமைக் காலிசெய்தார்கள். மலேரியாவிலும் காலராவிலும் இறந்த கூலியாட்களுக்குக் கணக்கு வைத்தவர்கள் குறைவு. அணைக்குப் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே பெயர் பொறித்த கல் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்த்தாலே அந்தக் காலத்துக் கணக்கு விளங்கும். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். மேற்கே போன ஆறு, மலையைக் குடைந்த 5,704 அடி நீளச் சுரங்கத்தின் வழியே வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றில் சேர்ந்து, வைகைக்கு வந்தது. பென்னிகுயிக் படத்தை வீட்டில் மாட்டி வைத்துத் தைப்பொங்கலன்று கும்பிடும் குடும்பங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கின்றன. கும்பிடுவதற்குக் காரணம் உண்டு. அணை கட்டியது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அந்தச் சரியான முடிவுக்குள்ளே மூன்று சிறு முடிவுகள் இருந்தன. அவற்றின் விலையைத்தான் நாம் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலாவது ஒரு பத்திரம். 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் இந்தியாவுக்கான அரசுச் செயலருக்கும் இடையே கையெழுத்தானது. பேச்சுவார்த்தை மட்டும் இருபது ஆண்டுக்கு மேல் இழுத்தது. நீர்க்கோடு 155 அடிக்குள் அடங்கும் நிலம், சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. காலம் 999 ஆண்டு. இன்று படிக்கிறவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். ஆங்கிலேயர் சட்ட வழக்கில் நீண்ட குத்தகை என்றால் 999 என்று எழுதுவது வாடிக்கை. எழுத்தர் அந்த எண்ணை எழுதும்போது பேனா தயங்கியிருக்காது. கணக்குப் போட்டால் அது 2885-இல் முடிகிறது. நம் சோழர் காலத்துக் கல்வெட்டிலிருந்து இன்றுவரை எத்தனை தூரமோ, ஏறத்தாழ அத்தனை தூரம்.

நீண்ட காலம் என்பதில் எனக்குக் குறை இல்லை. பாசனத்துக்கு நீண்ட உறுதி தேவை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தண்ணீரைப் பேரம் பேச வேண்டியிருந்தால் எந்த விவசாயியும் கிணற்றைக்கூட ஆழப்படுத்த மாட்டான். குறை வேறு இடத்தில் இருக்கிறது. 999 ஆண்டுக்கு எழுதியவர்கள், நடுவில் உட்கார்ந்து பேச ஒரு வாசலை வைக்கவில்லை. ஐந்து ரூபாய் ஐந்து ரூபாயாகவே இருந்தது. வீணாகக் கடலுக்குப் போகிற தண்ணீர் என்று அன்றைக்குத் திருவிதாங்கூருக்குத் தோன்றியிருக்கலாம். பின்னால் அதே ஆற்றில், கீழே, இடுக்கியில் 1976-இல் பெரிய மின்நிலையம் வந்தது. ஒவ்வொரு கனஅடிக்கும் விலை வந்துவிட்டது. அப்போது 5 ரூபாய்ப் பத்திரத்தைப் பார்த்து அந்தப் பக்கத்து மக்கள் ஏமாற்றப்பட்டதாக நினைத்தார்கள். அந்த நினைப்பு சட்டப்படி நிற்கவில்லை, மனத்தில் நின்றது.

பத்திரம் நம்மையும் கட்டியது. 1930-களில் சென்னை அரசு, சுரங்கத்திலிருந்து விழுகிற தண்ணீரை வைத்து மின்சாரம் எடுக்க நினைத்தது. சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த திருவிதாங்கூர், பத்திரம் பாசனத்துக்கு மட்டும்தான் என்று மறுத்தது. நடுவர் விசாரணைக்குப் போய், 1941-இல் திருவிதாங்கூர் சொன்னதே சரி என்று தீர்ப்பாயிற்று. 1886-இல் எழுதியவர்களுக்கு மின்சாரம் என்ற யோசனையே இல்லை. அவர்கள் நினைத்துப் பார்க்காத ஒரு பொருளுக்கு, அவர்கள் எழுதிய ஒரு சொல் ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து வேலியானது. சுதந்திரத்துக்குப் பிறகு பேசித்தான் லோயர் கேம்ப் மின்நிலையம் வந்தது. அன்றைக்கு 35 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. 1970 மே 29-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயானது, 30 ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்தலாம் என்றும் எழுதினார்கள். மின்சாரத்துக்குத் தனியாகக் கேரளத்துக்குப் பணம். ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுத்தது. முதல் பத்திரத்தில் வைக்காத வாசலை 84 ஆண்டு கழித்துச் சுவரை இடித்து வைக்கவேண்டியதாயிற்று.

இரண்டாவது முடிவு 104 என்ற எண். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்; தேர்வுக்கு வராது, வாழ்க்கைக்கு வரும். சுரங்கத்தின் வாய் அணையில் 104 அடி மட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் தண்ணீரைக் கிழக்கே எடுக்க வழி இல்லை. அணையின் கொள்ளளவு 15 டிஎம்சிக்குச் சற்று மேல். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நமக்கு எட்டாத தண்ணீர். ஏன் அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள்? மலை கீழே போகப் போக அகன்றுகொண்டே போகும். தாழ்வாகக் குடைந்தால் சுரங்கம் இன்னும் நீளும், பணம் கூடும், ஆட்கள் இன்னும் சாவார்கள். வெடிமருந்தும் துளைக்கருவியும் அன்றைக்கு இருந்த நிலையில் 5,704 அடியே பெரிய சாதனை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதே மட்டத்தைத்தான் தேர்ந்திருப்பேன்.

ஆனால் விளைவைப் பாருங்கள். நீர்மட்டம் 110 என்று செய்தித்தாளில் வந்தால் ஊர்க்காரர்கள் கலங்குவது எதற்கு? அணையில் 110 அடித் தண்ணீர் நிற்கிறது, நமக்கு இருப்பது 6 அடிதான். அடியில் தண்ணீர் எடுக்க முடியாததால், நாம் எப்போதும் மேலே மேலே தேக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். மேலே தேக்கினால் கீழே குடியிருப்பவர்களுக்குப் பயம். உயரத்துக்காக நாம் இரண்டு மாநிலமாகச் சண்டை போடுவதன் வேர் இந்த 104-இல் இருக்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் இந்த நீர்மட்ட வழக்கு முடிந்தபோது, 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் அமைக்கலாம் என்ற மாற்று யோசனையும் பேசப்பட்டது. நூற்றிருபது ஆண்டுக்கு முன் கட்டுப்படியாகாத ஒன்று இன்று கட்டுப்படியாகும் என்றால், அதை இரண்டு தரப்பும் அமைதியாக உட்கார்ந்து பேசவேண்டும் என்பது என் எண்ணம். மேடையில் இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் கோபப்படுகிறார்கள். ஆனாலும் சொல்கிறேன்.

மூன்றாவது முடிவுதான் எனக்கு நெருக்கமானது. தண்ணீர் கிழக்கே வந்துவிட்டது, யாருக்குக் கொடுப்பது? அரசாணைகளில் ஒவ்வொரு ஆண்டும் அச்சாகும் எண்களைச் சொல்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கு இருபோகம், 14,707 ஏக்கர். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம், 85,563 ஏக்கர். திருமங்கலம் கால்வாய் ஒருபோகம், 19,439 ஏக்கர். ஜூன் மாதம் தலைமடைக்குத் தண்ணீர் போகும்போது கடைமடைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய முறை செப்டம்பரில். அணையில் இருந்தால்.

‘இருபோகம்’, ‘ஒருபோகம்’ என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு மேலே நிலத்தின் விலை ஒன்று, கீழே வேறு. கோட்டுக்கு மேலே பெண் கொடுக்கத் தயங்காதவர்கள் கோட்டுக்குக் கீழே நாலு பேரை விசாரித்துக் கொடுத்தார்கள். இது நான் வேலை பார்த்த கிராமங்களில் கண்ணால் கண்டது. ஒரே மண், ஒரே சாதி, ஒரே சாமி கும்பிடுகிற பங்காளிகள். கள்ளந்திரிக்கு அந்தப்பக்கம் இருப்பவர் பேரனைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்தார், இந்தப்பக்கம் இருப்பவர் பேரனைப் பேக்கரி வேலைக்கு அனுப்பினார். ஒரு பொறியாளரின் அளவைக்கோல் போட்ட கோடு மூன்று தலைமுறையின் படிப்பைத் தீர்மானித்துவிட்டது.

கோட்டுக்கு முற்றிலும் வெளியே நின்றவர்களும் உண்டு. நாகமலைக்கு அந்தப்பக்கம் உசிலம்பட்டிச் சீமை. பெரியாற்றுத் தண்ணீர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அந்த மக்களைத்தான் வெள்ளை அரசு பின்னால் குற்றப்பரம்பரைச் சட்டத்தில் அடைத்தது. அதை எதிர்த்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. தண்ணீர் போகாததால்தான் அது நடந்தது என்று நான் ஒற்றைக் காரணம் சொல்லமாட்டேன். ஆனால் நஞ்சை கிடைத்த ஊரைக் குடியானவர் ஊர் என்றும், புஞ்சையில் நின்ற ஊரைத் திருட்டு ஊர் என்றும் ஓர் அரசு பிரித்துப் பார்த்தபோது, அந்த நஞ்சையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ததும் அதே அரசுதான். வைகை அணையிலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகும் 58 கிராமக் கால்வாய்க்காக அவர்கள் பல காலம் போராடினார்கள். அதில் தண்ணீரைப் பார்ப்பதற்குள், பெரியாறு திரும்பி நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதுவும் அணை நிறைகிற ஆண்டுகளில்தான்.

இராமநாதபுரத்தின் கதை எனக்கு இன்னும் வேதனை தருவது. மலையைத் தாண்டித் தண்ணீர் கொண்டுவரலாம் என்று முதலில் நினைத்தது அந்தச் சீமை. பெரியாற்றுக் கால்வாய் மேலூரோடும் அதன் சுற்றோடும் நின்றது. யோசனை சொன்னவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வைகைத் தண்ணீர் எட்டிய ஆண்டுகளை அங்கே பெரியவர்கள் கல்யாண வருஷம் போல நினைவு வைத்திருக்கிறார்கள். இவர்களில் யாரையாவது கூப்பிட்டு, உங்களுக்கு இந்த முறை இல்லை, இன்ன காரணம், வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னார்களா? மாசி மாதத்தில் கண்மாய்க் கரையில் அந்த நீர்பாய்ச்சி என்னிடம் கேட்டது நூறு ஆண்டுப் பழைய கேள்வி.

மலைக்கு அந்தப்பக்கம் போவோம். அணையின் கீழே வண்டிப்பெரியாறு, உப்புதறை என்று ஊர்கள். அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர் தமிழர்கள், நம் மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து போனவர்களின் பேரன் பேத்திகள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை அது. சிமென்ட் பரவலாகாத காலம், வேறு வழியும் இல்லை. நீர் கசிந்து சுண்ணாம்பு கரைவது தெரிந்து 1930-களிலேயே துளையிட்டுச் சிமென்ட் பால் செலுத்தினார்கள். 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்பி நகரத்துக்கு மேலே இருந்த மச்சு அணை உடைந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தி இடுக்கி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, இரவில் படுக்கையில் புரண்ட தாய்மார்களை நாம் குறை சொல்லலாமா? அந்த ஆண்டே நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது.

பிறகு மத்திய நீர்வள ஆணையம் சொன்னபடி தமிழ்நாடு அணையைப் பலப்படுத்தியது. மேலே கான்கிரீட் தொப்பி, உள்ளே எஃகுக் கம்பிவட நங்கூரம், பின்பக்கம் கான்கிரீட் தாங்குசுவர். நல்ல வேலை, அதைச் செய்த பொறியாளர்கள் பலரை எனக்குத் தெரியும். 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. கேரளம் சட்டம் போட்டுத் தடுத்தது. 2014 மே 7-இல் அந்தச் சட்டம் செல்லாது என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்த நவம்பரில் 142 அடி தேங்கியது. தற்காலிகம் என்று 1979-இல் குறைத்ததில் 6 அடியை மட்டும் மீட்க 35 ஆண்டு. அந்த 35 ஆண்டில் ஒருபோகத்தில் எத்தனை கண்மாய் வறண்டது, எத்தனை நீர்பாய்ச்சிகளின் வேலை அவர்களோடு போயிற்று என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் அந்த 35 ஆண்டு எத்தனை பேர் மழை இரவில் தூங்காமல் இருந்தார்கள் என்பதையும் யாரும் எழுதிவைக்கவில்லை. நீதிமன்றம் அணையின் பலத்தை அளந்தது. பயத்தை அளக்க அதனிடம் கருவி இல்லை. பலம் நிரூபணமான பிறகும் பயம் இருக்கிறது என்றால், அந்தப் பயத்தைப் போக்குகிற வேலையும் தண்ணீர் வாங்குகிறவன் வேலைதான் என்பேன். அளவைக் கருவிகளின் கணக்கைத் தினமும் அவர்கள் மொழியில் அவர்களுக்குச் சொல்லவேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும் நம் மக்களுக்குத் தமிழிலும் சொல்லவேண்டும்.

விளைவு என்றால் எல்லாம் துன்பமாகத்தான் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். தேக்கடியில் படகில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், ஏரிக்கு நடுவில் பட்டமரங்கள் நிற்கும். 1895-இல் மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. இலையில்லை, பட்டையில்லை, மேலே நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும். அந்த ஏரி வந்ததால்தான் சுற்றியுள்ள காட்டைக் காக்கும் எண்ணம் வந்தது. 1899-இலேயே ஏரியைச் சுற்றிய காட்டை ஒதுக்கி வைத்தார்கள். 1978-இல் அது புலிகள் காப்பகமானது. பஞ்சத்துக்காகக் கட்டிய அணை யானைகளுக்குக் கோடைத் தண்ணீரானது. பென்னிகுயிக் இதை நினைத்திருக்க வழியில்லை. அந்தக் காட்டுக்குள் காலங்காலமாக இருந்த மன்னான்களும் பளியர்களும் பிறகு குமுளிப் பக்கம் கொண்டுவந்து குடிவைக்கப்பட்டார்கள். அந்த நல்ல விளைவின் விலை அவர்கள் தலையில் விழுந்தது.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை பொறியாளராக, வட்டாட்சியராக, ஊராட்சித் தலைவராக வருவீர்கள். கையில் ஒரு ஷட்டரின் சாவி வரும். எல்லாருக்கும் தண்ணீர் கொடுக்கும் வரம் யாருக்கும் கிடைக்காது. நான் கேட்பது ஒரு சின்ன வேலை. முடிவை எழுதும் கோப்பிலேயே இன்னொரு பத்தி எழுதுங்கள்: இதனால் யாருக்குக் கிடைக்காது, எத்தனை நாளைக்கு, மறுபடி எப்போது உட்கார்ந்து பார்ப்போம். எழுதியதைப் பகலில், அந்த ஊர் மந்தையில் நின்று, அவர்கள் முகத்தைப் பார்த்துப் படித்துக் காட்டுங்கள். திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். நட்டு முப்பது நாள் கழித்துச் சொல்வதற்குப் பதில் நடவுக்கு முன்பு சொன்னால் அவர்களுக்கு விதைநெல்லாவது மிஞ்சும்.

வந்திருக்கும் விவசாயப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீர் திறப்புக்கு முன் நடக்கும் கூட்டத்துக்குத் தலைமடைக்காரர்கள் தவறாமல் வருகிறார்கள், கடைமடைக்காரர்கள் வருவதில்லை. நமக்கெங்கே கிடைக்கப்போகிறது என்று வீட்டில் இருந்துவிடுகிறீர்கள். அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் வாருங்கள். எங்களுக்கு உண்டா இல்லையா என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

போன மாதம் அந்த இரண்டாவது கண்மாய்க்குப் போயிருந்தேன். கரையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மூன்று மடையில் இரண்டு தூர்ந்துவிட்டன. மூன்றாவது மடையை, திருப்பூரிலிருந்து திரும்பி வந்த ஒருவர் தன் செலவில் சீர்செய்துகொண்டிருக்கிறார். அந்த நீர்பாய்ச்சியின் பேரன் அவர். வருகிற செப்டம்பரில் தண்ணீர் உண்டா என்று என்னிடம் கேட்டார். அணையின் நீர்மட்டத்தைச் சொன்னேன். இப்போதைக்கு உறுதி இல்லை, கூட்டத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.